முழுமுக ஹெல்மெட்டுக்கு எந்த கேமரா, எங்கே பொருத்துவது?

எலாய்_ஜம்பர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் அரிசோனாவில், எலாயில் விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் ஸ்கைடைவர். 200 ஜம்ப் தாண்டி, மூன்றாம் படி உரிமமான சி லைசென்ஸும் கைக்கு வந்துவிட்டது. அதுவரை கேமரா பேச்சே கூடாது என்று என் இன்ஸ்ட்ரக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் வாயைத் திறக்கவில்லை. இப்போது வாங்கலாம் என்று இருக்கிறேன்.

என்னிடம் இருப்பது குக்கி ஜி3 முழுமுக ஹெல்மெட். பெரும்பாலும் வயிறு கீழே இருக்கும் பெல்லி ஜம்ப்தான். வார இறுதியில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஃபோர்வே பழகுகிறோம், அதாவது விழும்போது ஒருவரையொருவர் பிடித்து வடிவங்கள் அமைப்பது. வீடியோ வேண்டும் என்று நினைப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான்: இறங்கிய பிறகு யார் எங்கே பிசகினார்கள் என்று பார்க்க வேண்டும். போன மாதம் 190 சதுர அடி கேனபியிலிருந்து (பாராசூட் துணி) 170க்கு மாறினேன், அதுவும் நன்றாகவே பறக்கிறது.

400 டாலர் வரை செலவழிக்கலாம். கோப்ரோ ஹீரோ 13 பிளாக், இன்ஸ்டா360 கோ 3எஸ் இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். டிராப்ஸோனில் (நாங்கள் குதிக்கும் இடம்) ஒருவர் பழைய சோனி எக்ஸ்3000 ஒன்றை விற்கிறார். இன்னொருவர் பழைய ஹீரோ5 செஷனைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். எதை எடுப்பது? உச்சியில் வைப்பதா, பக்கவாட்டிலா, தாடையிலா? பெட்டியோடு வரும் ஒட்டும் மவுண்ட் போதுமா? கழன்று விழுந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கட்டி வைக்கலாமா?

குட்டிக்கேமரா எழுதியது:

நான் கோ 3எஸ்தான் வைத்திருக்கிறேன். 39 கிராம். தலையில் இருப்பதே தெரியாது, 4கே எடுக்கிறது. ஆனால் அதோடு வரும் காந்த மவுண்டை மட்டும் நம்பிக் குதிக்காதீர்கள், மணிக்கு 190 கிலோமீட்டர் காற்றுக்கு அது இல்லை. கேமராவைச் சுற்றிப் பிடிக்கும் கூடு தேவை, டிராப்ஸோனில் யாராவது 3டி பிரிண்ட் செய்து தருவார்கள். இன்னொன்று, பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியாது. ஒவ்வொரு லோடுக்கும் (விமானம் ஏறும் ஒவ்வொரு முறைக்கும்) நடுவில் சார்ஜில் போட்டுவிட வேண்டும். வெளிச்சம் குறைந்த மாலை ஜம்பில் படம் கொஞ்சம் மங்கல்தான். மற்றபடி எனக்குக் குறையில்லை.

பெரிஸ்_மேகா எழுதியது:

தம்பி, நான் கலிஃபோர்னியாவில் பெரிஸில் ஃபோர்வே அணிகளுக்கு வெளியிலிருந்து வீடியோ எடுப்பவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நீங்கள் கேட்காத ஒன்று. போன மாதம்தான் கேனபி மாறியதாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்க பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏவின் கையேட்டில் 200 ஜம்ப், சி லைசென்ஸ் என்பதோடு இன்னொரு பரிந்துரையும் உண்டு. கேமராவோடு குதிக்கும் அதே பாராசூட்டில், சமீபத்தில் 50 ஜம்பாவது செய்திருக்க வேண்டும் என்பது. முதல் பாதி எல்லோருக்கும் மனப்பாடம், இதை மட்டும் மறந்துவிடுகிறோம். காரணம் எளிது. 170 எப்படித் திறக்கும், எந்தப் பக்கம் இழுக்கும், லைன் ட்விஸ்ட் (கேனபியைத் தாங்கும் இழைகளான லைன்கள் முறுக்கிக்கொள்வது) வந்தால் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்பதெல்லாம் இன்னும் உங்கள் உடம்புக்குப் பழகவில்லை. அது பழகுவதற்குள் தலையில் லைன் மாட்டக்கூடிய ஒரு பொருளையும் ஏற்றினால், ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம். கேமராவை இன்றே வாங்குங்கள், பொருத்துங்கள், தரையில் எல்லாம் சோதித்துப் பாருங்கள். குதிப்பது மட்டும் 170 பழகிய பிறகு.

அடுத்து, கேமராவின் பெயரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஹெல்மெட், பொருத்தும் இடம், மவுண்ட், அப்புறம்தான் கேமரா. படத்தின் தரத்தில் இன்று கடையில் கிடைக்கும் எதுவும் உங்கள் தேவைக்குப் போதும். லைன் மாட்டுமா மாட்டாதா என்பதில்தான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம்.

பாராசூட் திறக்கும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பைலட் சூட்டை (மெயின் பாராசூட்டை இழுத்து வெளியே எடுக்கும் குட்டிப் பாராசூட்) வீசுகிறீர்கள், பை முதுகிலிருந்து எழும்புகிறது, லைன்கள் உங்கள் தலைக்குப் பின்னால், தோளுக்கு மேலே உருவிக்கொண்டு போகின்றன. நேராக, நிலையாகப் படுத்திருந்தால் பிரச்சினை இல்லை. ஒரு தோள் சாய்ந்தாலோ, தள்ளாடினாலோ அதே லைன்கள் தலையை உரசிக்கொண்டு போகும். அந்தப் பாதையில் உச்சியில் ஒரு பெட்டி நின்றால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் வைத்தால் அபாயம் வேறு மாதிரி: லைன் ட்விஸ்ட் வரும்போது இரண்டு ரைசர்களும் (லைன்களைத் தோளோடு இணைக்கும் பட்டைகள்) நெருங்கி வந்து காதோரம் அழுத்தும், கேமரா அதற்கு இடையில் சிக்கும். தாடையில் இருந்தால் தலையே அதற்கு மறைப்பு. முழுமுக ஹெல்மெட் வைத்திருக்கும் பெல்லி ஜம்பருக்கு நான் தாடையைத்தான் சொல்வேன்.

தாடையிலும் ஒரு சங்கடம் உண்டு. குனிந்து கைப்பிடிகளைப் பார்க்கும்போது கேமரா குறுக்கே வரும். ரிக்கை (முதுகில் மாட்டும் பாராசூட் பை) போட்டு, ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடி முன் நின்று பாருங்கள். வலது பக்கம் மெயின் பாராசூட்டைக் கழற்றிவிடும் கட்-அவே கைப்பிடி, இடது பக்கம் மாற்றுப் பாராசூட்டான ரிசர்வின் கைப்பிடி, இரண்டும் முழுதாகத் தெரிகின்றனவா? தெரியாவிட்டால் கேமராவை இன்னும் தாடையோடு ஒட்டி உள்ளே தள்ள முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த கேமரா உங்களுக்கு வேண்டாம்.

இப்போது நீங்கள் சொன்ன நான்கு. ஹீரோ 13 பிளாக் நல்ல கேமராதான், கிட்டத்தட்ட 160 கிராம். ஆனால் அகலமான முகம். தாடையில் வைத்தால் காற்றை வாங்கும், இருபுறமும் ஓரம் நீட்டிக்கொண்டிருக்கும். ஹீரோ5 செஷன் பழசு என்று ஒதுக்காதீர்கள். பக்கத்துக்கு 38 மில்லிமீட்டர் சதுரக் கட்டி, 74 கிராம், நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் இல்லை. ஃப்ரீஃபாலுக்காகவே (பாராசூட் திறக்கும் முன் விழும் நேரம்) செய்ததுபோன்ற வடிவம். குறை என்னவென்றால் பேட்டரி உள்ளேயே இருக்கும், இத்தனை வருடத்தில் அது தளர்ந்திருக்கும். வாங்கும் முன் முழு சார்ஜில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கையில் வைத்தே பாருங்கள். சோனி எக்ஸ்3000 நீளவாக்கில் ஒல்லியாக இருக்கும், லென்ஸே அசைந்து நடுக்கத்தைத் தணிக்கும், பக்கவாட்டில் ஹெல்மெட்டோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். திறந்தமுக ஹெல்மெட் வைத்திருந்தால் அதைச் சொல்லியிருப்பேன். தாடைக்கு அது நீளம். கோ 3எஸ் பற்றி மேலே எழுதியவர் சொன்னது சரி.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன்: கோப்ரோ ஹீரோ11 பிளாக் மினி. 2022இல் வந்தது. பின்னால் திரை கிடையாது, 133 கிராம். அடியிலும் பின்புறமும் இரண்டு இடத்தில் மவுண்ட் பற்கள் உண்டு. பின்புறப் பற்களில் மாட்டினால் தாடையோடு நெருங்கி உட்காரும். புதிது கிடைப்பது அரிது, பயன்படுத்தியது நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள். உங்கள் நிலையில் நான் இருந்தால், பேட்டரி தேறினால் செஷன், இல்லையென்றால் இந்த மினி.

பெட்டியோடு வரும் மவுண்ட் வேண்டவே வேண்டாம். அந்தத் திருகு லைனுக்கு ஒரு தூண்டில் முள். உங்கள் ஹெல்மெட் மாடலுக்கென்றே செய்த தாடை மவுண்ட் வாங்குங்கள், அதுதான் வளைவோடு இடைவெளி இல்லாமல் உட்காரும். கயிறு பற்றிக் கேட்டீர்கள். கட்டவே கூடாது. கயிறு லைன் மாட்ட இன்னொரு வளையம். போதாததற்கு, கழன்ற கேமரா கயிற்றில் தொங்கிக்கொண்டு முகத்தில் அடிக்கும். காற்றுக்குக் கழலாத மவுண்டாகப் பாருங்கள், கீழே நிற்பவர் தலையிலும் அது விழக் கூடாதே.

பொருத்தி முடித்ததும் ஒரு சோதனை. பாராசூட்டுகளைப் பராமரிக்கும் ரிக்கரிடம் ஒரு முழம் பழைய லைன் கேளுங்கள், கொடுப்பார். ஹெல்மெட்டை மேஜையில் வைத்து, அந்த லைனை இரு கையிலும் இழுத்துப் பிடித்து, முன்னாலிருந்து, பின்னாலிருந்து, குறுக்கே, கீழிருந்து மேலே என்று எல்லாத் திசையிலும் கேமரா மீது உரசி இழுங்கள். எங்கே ஒரு நொடி நின்றாலும் அந்த இடத்தை அடைக்க வேண்டும். டேப், எபாக்ஸி, எதுவாக இருந்தாலும் சரி. அடைத்துவிட்டு மறுபடி இழுங்கள். வைசரின் ஓரத்தையும் விடாதீர்கள், அங்கே மாட்டும் என்று பலருக்குத் தோன்றுவதில்லை.

கோணம் சரிசெய்வதை நின்றுகொண்டு செய்யாதீர்கள். ஃபோர்வே பழகுகிறீர்கள் என்றால் உங்கள் டிராப்ஸோனில் சக்கரப் பலகை இருக்கும். அதில் வயிற்றில் படுத்து, ஆர்ச் செய்து (உடம்பை வில்லாக வளைத்து), நண்பரை எதிரே படுக்க வைத்து, அவர் கண்ணைப் பாருங்கள். அந்த நிலையில் கேமராவின் நடுவில் அவர் முகம் வர வேண்டும். நிற்கும்போது சரியாக இருக்கும் கோணம் ஆர்ச்சில் தலை நிமிரும்போது வானத்தைப் பார்க்கும்.

அகலக் கோணம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆக்‌ஷன் கேமராவில் இரண்டு மீட்டரில் இருப்பவர்கூடத் தூரத்தில் தெரிவார். வீடியோவைப் பார்த்துவிட்டு, அடுத்த ஜம்பில் இன்னும் கிட்டப் போனால் நன்றாக வருமே என்று மனம் சொல்லும். அதைக் கேட்டுக் கிட்டப் போய் மோதுகிறார்கள். படம் பெரிதாக வர வேண்டுமென்றால் அமைப்பில் கோணம் குறுகிய லீனியருக்கு மாற்றுங்கள், பறப்பதை மாற்றாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் வீடியோ கேட்கும் காரணம். யார் எங்கே பிசகினார்கள் என்று உங்கள் தாடை கேமரா பாதிதான் சொல்லும். எதிரே இருப்பவரின் முகமும் கைகளும் தெரியும், எக்ஸிட்டில் (விமானத்தை விட்டு வெளியேறும்போது) கண் பார்த்தோமா, கீ (அடுத்த வடிவத்துக்கு மாறச் சொல்லும் சைகை) கொடுக்கும் முன்னே யாராவது பிடியை விட்டார்களா என்பதெல்லாம் தெரியும். ஆனால் நீங்கள் எங்கே இருந்தீர்கள், நான்கு பேரும் ஒரே மட்டத்தில் இருந்தோமா, ஃபார்மேஷன் மொத்தமாக எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது தெரியவே தெரியாது. அதற்கு மேலிருந்து ஒருவர் எடுக்க வேண்டும். போட்டியில் ஃபோர்வே அணியோடு ஐந்தாவதாக ஒரு கேமராக்காரர் குதிப்பது அதற்குத்தான். 35 நொடி வேலை நேரத்தையும் நடுவர்கள் அவர் எடுத்ததை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். எலாயில் வீடியோ பழகும் ஆட்களுக்குப் பஞ்சமே இருக்காது. அவர்களுக்கும் எடுத்துப் பழக அணி வேண்டும், கேட்டுப் பாருங்கள்.

எலாய்_ஜம்பர் எழுதியது:

அக்கா, இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு மிகவும் நன்றி. 50 ஜம்ப் பரிந்துரை என் கண்ணில் படவே இல்லை, இப்போது கையேட்டை எடுத்துப் பார்த்தேன், இருக்கிறது. அப்படியே செய்கிறேன்.

இரண்டு சந்தேகம். லைன் மாட்டியே விட்டால் என்ன செய்வது? உடனே கழற்றிவிடும் கட்-அவே வசதி உள்ள ஹெல்மெட் வேண்டும் என்கிறார்கள், முழுமுக ஹெல்மெட்டில் அது எப்படி? அப்புறம் எப்போது ரெக்கார்ட் ஆன் செய்வது? இங்கே கோடையில் தரையில் 40 டிகிரிக்கு மேல் போகிறது, கோப்ரோ சூடாகி அணைந்துவிடுகிறது என்று கேள்விப்பட்டேன்.

ரிக்கர்_அண்ணாச்சி எழுதியது:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ரிக்கர் என்பதால் மாட்டிய கதைகள் என் மேஜைக்குத்தான் வரும்.

லைன் மாட்டினால் இரண்டில் ஒன்று நடக்க வேண்டும். கேமரா மவுண்டை விட்டுப் பிரிய வேண்டும், அல்லது ஹெல்மெட் தலையை விட்டுப் பிரிய வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் இழுபடுவது கழுத்து. கேமராவுக்கென்றே செய்யும் திறந்தமுக ஹெல்மெட்டுகளில் தாடைக் கிண்ணத்தோடு ஒரு விடுவிப்பு இருக்கும், ஒரே இழுப்பில் ஹெல்மெட் கழன்றுவிடும். வெளி வீடியோ எடுப்பவர்கள் பெரிய ஸ்டில் கேமராவையும் சேர்த்துச் சுமப்பதால் அவர்களுக்கு அது கட்டாயம் என்பேன். முழுமுக ஹெல்மெட்டில் தலை இறுக்கமாகப் பிடிபட்டிருக்கும், ஸ்ட்ராப்பை விட்டாலும் உடனே வராது. அதனால் உங்களுக்குப் பிரியும் மவுண்ட்தான் பொருத்தம். காற்றுக்குக் கழலாது, லைன் இழுத்தால் கழலும், அந்த மாதிரி செய்தவை கிடைக்கின்றன.

வாங்கியதோடு விட்டுவிடாதீர்கள். ஹெல்மெட்டை நீங்கள் மாட்டிக்கொள்ளாமல், ஒரு தூணில் கட்டிவைத்து, கேமராவுக்குப் பதில் அதே அளவு மரக்கட்டையை வைத்து லைனால் இழுத்துப் பாருங்கள். மேலே இழுத்தால் பிரியும் மவுண்ட் பக்கவாட்டில் இழுத்தால் பிரியாமல் போகலாம். எந்தத் திசையில் பிரியவில்லையோ அந்தத் திசையில் லைன் நுழையவே வழி இல்லாமல் அடையுங்கள். பக்கத்தில் ரிக்கர் இருந்தால் அவரைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பெரிஸ் தங்கச்சி சொன்ன கயிறு விஷயத்தை நானும் வழிமொழிகிறேன். பிரியும் மவுண்டில் கயிற்றைக் கட்டினால் பிரிவதற்கே அர்த்தமில்லை.

ஆகாயத்தில் மாட்டிவிட்டால் எந்த வரிசையில் என்ன செய்வது என்பதை இங்கே எழுத்தில் படித்துப் பழகாதீர்கள். உயரத்தையும், மாட்டியது மெயினா ரிசர்வா என்பதையும் பொறுத்து அது மாறும். உங்கள் இன்ஸ்ட்ரக்டரோடு தரையில் ஹார்னெஸில் தொங்கி, ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு பயிற்சி எடுங்கள்.

லேங்கர்_குளிர் எழுதியது:

எலாய்க்காரருக்கு வெப்பம், எங்களுக்கு இங்கிலாந்தில் குளிர். வேறு பக்கத்திலிருந்து சில வார்த்தைகள்.

ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 டிகிரி குறையும். தரையில் 8 டிகிரி இருந்தால் 13,000 அடியில் உறைநிலைக்கு நன்றாகவே கீழே. பேட்டரி சட்டென்று இறங்கும், முழுதாக இருந்தது பாதி என்று காட்டும். கையுறையோடு சின்ன பட்டனை அழுத்துவது தனி வித்தை. கேமராவைக் கடையில் பார்க்கும்போதே கையுறை போட்டு அழுத்திப் பாருங்கள். குளிரிலிருந்து ஈரப்பதமான இடத்துக்கு வந்தால் லென்ஸில் பனி படியும், அடுத்த லோடுக்கு முன் துடைக்காவிட்டால் அந்த ஜம்ப் முழுக்க வெள்ளைப் புகைதான். அரிசோனா குளிர்காலத்திலும் மேலே குளிரும், அதனால் இது உங்களுக்கும் உதவும்.

பெரிஸ்_மேகா எழுதியது:

அண்ணாச்சி சொன்னதில் சேர்க்க ஒன்றுமில்லை. ரெக்கார்ட் கேள்விக்கு வருகிறேன்.

தரையில் ஆன் செய்து ஏறாதீர்கள். காற்றோட்டம் இல்லாத விமானத்தில், கோடையில், ஏறும் கால் மணி நேரமும் ஓடிக்கொண்டிருந்தால் கேமரா சூடாகி அணைய எல்லா வாய்ப்பும் உண்டு. ஹெல்மெட்டை வெயிலில் வைத்துவிட்டு பேக்கிங் செய்யப் போகாதீர்கள், அதிலேயே பாதி சூடு ஏறிவிடும். ஒரே அழுத்தத்தில் ஆன் ஆகி ரெக்கார்டும் தொடங்கும் வசதி கோப்ரோவில் இருக்கிறது, அதை அமைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவை எக்ஸிட்டிலிருந்து கேனபி வரை. சுமார் ஒரு நிமிடம் ஃப்ரீஃபால், கொஞ்சம் கேனபி, அவ்வளவுதான்.

எப்போது அழுத்துவது என்பதை ஒரு இடத்தில் கட்டிவையுங்கள். நான் அழுத்துவது கதவு திறப்பதற்கு முன்பே, ரிக் சோதனைக்குப் பிறகு. வரிசை எப்போதும் இதுதான்: மூன்று வளையம் (மெயினைப் பிடித்திருக்கும் பூட்டு), கைப்பிடிகள், பைலட் சூட், மார்புப் பட்டை, உயரம் காட்டும் ஆல்டிமீட்டர், ஹெல்மெட் ஸ்ட்ராப், எல்லாம் முடிந்தபின் கேமரா. கேமரா ஒருபோதும் முதலில் வரக் கூடாது. விளக்கு எரிகிறதா என்று எதிரே உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள், அவர் தலையசைப்பார். எரியவில்லை என்றால் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், அப்போதும் இல்லையென்றால் வீடியோ இல்லாமல் குதியுங்கள். கதவருகே நின்று பட்டனோடு மல்லுக்கட்டுபவரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1988 ஏப்ரலில், வட கரோலினாவில், 800 ஜம்புக்கு மேல் அனுபவம் உள்ள ஒருவர் மற்றவர்களைப் படம்பிடிக்க விமானத்திலிருந்து குதித்தார். முதுகில் பாராசூட் இல்லை. அன்றைய வீடியோ சாதனங்களை உடம்பில் கட்டிச் சுமக்க வேண்டியிருந்தது, கவனம் முழுவதும் அதில். அவர் எடுத்துக்கொண்டே விழுந்த காட்சி அந்த கேமராவில் பதிவாகியிருந்தது. அவர் புதியவர் இல்லை, கவனக்குறைவான ஆளும் இல்லை. இன்று கேமரா 39 கிராமுக்குச் சுருங்கிவிட்டது, ஆனால் மனதில் அது பிடிக்கும் இடம் சுருங்கவில்லை. என்னோடு பழக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன்.

ஃப்ரீஃபாலிலும் அப்படித்தான். ஹெல்மெட்டுக்குள் ஆடிபிள் (உயரத்தை ஒலியால் எச்சரிக்கும் கருவி) வைத்திருக்கிறீர்களா? கேமராவோடு முதல் ஜம்புக்கு முன் அது இருக்க வேண்டும், கையில் இருக்கும் ஆல்டிமீட்டரோடு சேர்த்து. முதல் சில ஜம்பில் எதையும் படம்பிடிக்க வேண்டாம். தனியாகவோ ஒருவரோடு மட்டுமோ குதியுங்கள், கேமராவை ஓடவிட்டு மறந்துவிடுங்கள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில் திறங்கள். திறக்கும்போது தலையை நேராக, தாடையை நிமிர்த்தி வையுங்கள். கேனபி எப்படித் திறக்கிறது என்று படம்பிடிக்கும் ஆசையில் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்காதீர்கள். திறக்கும் இழுப்பில் கேமராவின் எடை பல மடங்காகும், திரும்பியிருக்கும் கழுத்து அதைத் தாங்க வேண்டியிருக்கும்.

எலாய்_ஜம்பர் எழுதியது:

ஆடிபிள் ஏற்கெனவே இருக்கிறது அக்கா. செஷன் வைத்திருப்பவரிடம் இன்று பேசினேன், சனிக்கிழமை கொண்டு வருவார், முழு சார்ஜில் ஓடவிட்டுப் பார்த்துத்தான் காசு கொடுப்பேன். அது தேறாவிட்டால் மினி தேடுகிறேன். எங்கள் ரிக்கர் அறையில் பழைய லைன் கேட்டேன், சிரித்துக்கொண்டே இரண்டு கெஜம் வெட்டிக் கொடுத்தார். மேலிருந்து எடுக்க வீடியோ பழகும் ஒரு பெண்ணிடமும் சொல்லியிருக்கிறோம், அடுத்த வாரம் வருகிறார். ஜி3 தாடைக்குப் பிரியும் மவுண்ட் யாராவது பயன்படுத்துகிறீர்களா? செஷனுக்குப் பொருந்துவது வேண்டும்.

ரிக்கர்_அண்ணாச்சி எழுதியது:

பெயரைச் சொல்வதைவிட, வாங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை கிலோ இழுப்புக்குப் பிரியும், எந்தெந்தத் திசையில்? விற்பவரால் இரண்டுக்கும் பதில் சொல்ல முடியவில்லை என்றால் வேறு கடை பாருங்கள். கிடைத்ததும் படம் எடுத்து இங்கே போடுங்கள், லைன் எங்கே நிற்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.